பின் சீட்டில் வந்த சாம்பிராணி வாசம்

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவர் சொல்வதைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டதும் ஸ்பானர் சாவியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குக் கீழே படுத்துவிடாதீர்கள். அந்த வண்டியில் அவரோடு யார் வருவார்கள், எந்தப் பக்கம் இருப்பார்கள் என்று ஒரு தடவை விசாரியுங்கள். தம்பிமாரே, நான் உங்களுக்குச் சொல்ல நினைத்த தொழில் இவ்வளவுதான். மிச்சத்தை நீங்கள் போனிலேயே பார்த்துக்கொள்கிறீர்கள். குழாயை எப்படி வெட்டுவது, எப்படி வெல்டிங் பிடிப்பது என்று ஒரு வெள்ளைக்காரன் அழகாகச் செய்து காட்டுகிறான். நானும் பார்த்தேன், நன்றாகத்தான் செய்கிறான். ஆனால் அவனுடைய வீடியோவில் பின் சீட்டில் ஒருவரும் இருப்பதில்லை.

என்னைத் தெரியாத புதுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பாதிக் காலம் பஸ் டிப்போவிலும் பாதிக் காலம் சாய்ந்தமருதில் வீட்டு வளவிலும் என் உழைப்புப் போனது. வீட்டைச் சுற்றிய நிலத்தைத்தான் வளவு என்கிறேன், அது என்னுடையது இல்லை. நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளையாகப் பெண் வீட்டுக்குப் போனவன் நான். வீடு, வளவு, கிணறு, மாமரம் எல்லாம் மனைவியின் பெயரில். வலப்பக்க வீடு அவளுக்கு மூத்த ராத்தாவுடையது, இடப்பக்கம் தங்கச்சியுடையது, பின்வளவு அவள் உம்மாவின் தங்கச்சி சாச்சியுடையது. இத்தனை பெண்களுக்கு நடுவே ஒரு மாமரத்தின் கீழ் நாலு தகரத்தைப் போட்டு நான் கராஜ் நடத்தினேன் என்றால், அதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. எல்லாம் மனைவியின் பொறுமை. அந்தப் பொறுமைக்கும் சட்டங்கள் இருந்தன. எண்ணெய் சிந்தினால் மணல் போட வேண்டும், வெள்ளிக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது, அவள் சமைக்கும் குசினியின் சாமான்களில் கை வைக்கக் கூடாது. கடைசிச் சட்டத்தைத்தான் நான் அடிக்கடி மீறினேன்.

வேலி வாசல் படலையில் ஒரு பலகை இருந்தது. ‘சைலன்சர் வேலைகள் செய்து தரப்படும்’ என்று எழுதச் சொன்னேன். எழுத வந்தவர் முதல் சொல்லைப் பலகை முழுக்கப் பெரிதாக எழுதிவிட்டு, இனி இடமில்லை என்று போய்விட்டார். மேசன் பாஸ், தச்சு பாஸ் என்று தொழில்காரரைக் கூப்பிடும் ஊர், அன்றிலிருந்து நான் சைலன்சர் பாஸ். உப்புக் காற்று அடிக்கிற இந்தக் கரையில் புகைக் குழாய் துருவேறி உக்காத வண்டி ஏது? வேலைக்குக் குறைவே இல்லை.

ஒரு நாள் காலையில் ஒரு டீசல் கெப் வந்து படலையில் நின்றது. இரண்டு வரிசைச் சீட்டும் பின்னால் சாமான் ஏற்றும் தட்டும் உள்ள வண்டி. ஓட்டி வந்தவர் மருதமுனைக்காரர். வீட்டுத் தறிகளில் நெய்யும் சாரன்களையும் படுக்கை விரிப்புகளையும் அறுகம்பே விடுதிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். அக்கரைப்பற்றில் டொக்டரிடம் உம்மாவைக் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில், பலகையைக் கண்டு நிறுத்தினாராம்.

அந்த உம்மா பின் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நேராக வேலியோரம் போய் வாந்தி எடுத்தார். என் மனைவி ஓடிப்போய்த் தலையைப் பிடித்து, முகம் கழுவ வைத்து, மாமரத்தின் கீழ் கதிரை போட்டு இருக்க வைத்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தாலும் கைகளைப் பார்த்தால் பலவீனமான ஆள் மாதிரித் தெரியவில்லை. காலமெல்லாம் தறியில் இருந்த கை.

மகன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். வண்டிக்குள் லேசாகப் புகை மணக்கிறது. மூன்று இடத்தில் காட்டியாகிவிட்டது. சைலன்சரையே புதிதாக மாற்றியாகிவிட்டது. இப்போது சத்தம் ஒன்றுமில்லை. ஒருவேளை ஏதாவது மிச்சம் இருக்கிறதோ என்று பார்க்கத்தான் நிறுத்தினார். அவசரமாகப் பார்த்துவிட்டால் புண்ணியம், வேறு பெரிய தலையிடி இருக்கிறது.

அந்தத் தலையிடி எது என்றால், உம்மாவுக்கு இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போக இடம் கிடைத்திருந்தது. எத்தனையோ வருடம் காத்திருந்து கிடைத்த இடம். உம்மாவின் தம்பியும் துணைக்குப் போகிறார். ஆனால் கொஞ்ச நாளாக எந்தப் பயணம் போனாலும் உம்மாவுக்குத் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது. பொத்துவிலுக்குப் போன அன்று மயங்கியே விழுந்துவிட்டார். சோதித்துப் பார்த்த டொக்டர்மார் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். ஒரு மணி நேர ஓட்டத்தையே தாங்காதவர் அவ்வளவு தூரத்தையும் அந்த வெயிலையும் எப்படித் தாங்குவார்? பயண ஏற்பாட்டுக்காரருக்கு நாளைக்கு முடிவு சொல்ல வேண்டும். இந்த முறை வேண்டாம் என்று மகன் சொல்லிவிடப் போகிறார்.

உம்மா அவரைக் கைகாட்டி நிறுத்தினார்.

“அடுத்த வருசம் போவம் என்டு மகன் சொல்லுறான், தம்பி,” என்றார் என்னைப் பார்த்து. “அடுத்த வருசம் நான் இரிப்பனா என்டு ஆருக்குத் தெரியும்? ஆனா மத்தாக்களுக்குப் பாரமாப் போறதுக்கு எனக்கும் விருப்பமில்ல.”

 இந்த மாதிரி நேரத்தில்தான் நம் ஆட்கள் பிழை விடுகிறார்கள். மனம் இளகியதும் கை அவசரப்படும். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு முன்னால் இருந்தேன்.

“ஓட்டோவில போனாலும் இப்பிடி வருமா ராத்தா?”

“இல்லயே. முந்தநாளும் கல்முனைச் சந்தைக்கு ஓட்டோவிலதான் போய் வந்த. ஒண்டுமில்ல.”

சந்தை கிட்டத்தானே இருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார் மகன். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கெப்பில் எங்கே இருப்பீர்கள் என்று உம்மாவிடம் கேட்டேன். எப்போதும் பின் சீட்டில், இடது பக்கம். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிடுவார், காற்றுப் பட்டால் காது குத்துமாம். மகனோ கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டுகிறவர். அவருக்கு ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை. கேட்டதும் பாதி விளங்கிவிட்டது. ஆனால் பாதி விளங்கியதை வைத்து வாயைத் திறக்கக் கூடாது.

கீழே போய்ப் பார்த்தேன். குழாய் முழுக்க யாரோ வெள்ளிப் பூச்சுப் பூசி வைத்திருந்தார்கள். புது மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. எஞ்சினைப் போட்டுக் காது வைத்துக் கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை. சத்தம் போடும் கசிவு நல்ல கசிவு, பிள்ளைகளே. அது தானாக வந்து நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடும். பொல்லாதது சத்தம் போடாத கசிவு.

மகன் மணியைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றால் விடுங்கள், உம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை, மூன்று கராஜ் சொன்னதைத்தான் நானும் சொல்லியிருப்பேன். இன்னொரு வழியும் இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு உம்மாவைத் திரும்ப உள்ளே இருக்க வைத்து, வருகிறதா என்று பார்ப்பது. அதைச் செய்கிறவனை நான் மெக்கானிக் என்று சொல்ல மாட்டேன். வண்டியின் நோயைக் கண்டுபிடிக்க மனிதரை நோயாளியாக்கக் கூடாது. எஞ்சினை நிறுத்தினேன். சூடு ஆறட்டும், லுஹர் தொழுதுவிட்டு வருவோம், பகல் சாப்பாடு இங்கேதான் என்றேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இனிச் சாம்பிராணிக் கதைக்கு வருகிறேன். பிள்ளை பெற்ற வீட்டில் சாம்பிராணிச் சட்டியை ஒரு கூடையால் மூடி, அந்தக் கூடையின் மேல் பிள்ளையின் துணிகளை விரித்து வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். என் மகள் பிள்ளை பெற்றிருந்த சமயம், கூடையின் ஒவ்வொரு ஓட்டையிலும் புகை நூல் நூலாக வெளியே வருவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் புகையிடம் கேட்கலாமே என்று அன்றைக்கு மனதில் பட்டது. பிறகு ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தில் பழைய கார் காற்றாடி ஒன்றைப் பொருத்தி, ஒரு இறப்பர்க் குழாயும் வைத்து, எனக்கென்று ஒரு சாமான் செய்துகொண்டேன். தகரத்துக்குள் மனைவியின் சாம்பிராணிச் சட்டி போகும். இறப்பர்க் குழாயின் மறுநுனியைச் சைலன்சர் வாயில் செருகி, ஈரத்துணியால் சுற்றிவிட்டால் சரி. எஞ்சின் ஓட வேண்டியதில்லை, யாருக்கும் ஆபத்தில்லை. ஆபத்தெல்லாம் சட்டிக்குத்தான்.

பின்னேர அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்டுச் சாம்பிராணியை அள்ளித் தூவினேன். உம்மா எழும்பி வந்தார்.

“நான் எப்பவும் இரிக்கிற இடத்தில இரிக்கன் தம்பி. எங்கால வருகுது என்டு நான் சொல்லுறன்.”

எனக்குத் தயக்கமாக இருந்தது. சாம்பிராணிப் புகை தலையைச் சுற்ற வைத்தால்? என் மனைவி கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். கொஞ்சம் கஷ்டமாக இருந்தாலும் உடனே கதவைத் திறந்து இறக்குவதாகச் சொன்னாள். உம்மா ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பயணம் போகிறவர் மாதிரி நேராக இருந்தார். நான் காற்றாடியைப் போட்டுவிட்டு வண்டிக்குக் கீழே போனேன். முதலில் ஒன்றும் இல்லை. மினுங்கிக்கொண்டே இருந்தது அந்த வெள்ளிப் பூச்சுக் குழாய். மகன் வெளியே நின்று, மணமே இல்லையே என்றார். அப்போது மேலே கண்ணாடி கொஞ்சம் இறங்குகிற சத்தம் கேட்டது.

“தம்பி, இஞ்ச மௌலூது வாசம் வருகுது. என்ட காலடியில இரிந்துதான் வருகுது.”

நபி புகழாக மௌலூது ஓதும்போது வீட்டில் சாம்பிராணி போடுவார்களே, நான் கீழே கிடந்தபடியே சிரித்துவிட்டேன். மனைவி உம்மாவை இறக்கினாள். மகன் பின் சீட்டுக்குக் கீழே விரிப்பைத் தூக்கினார். அங்கே ஒரு ஓட்டை. அதற்குள்ளால் ஒரு வயர் போனது, வயரைச் சுற்றிப் புகை அழகாக மேலே வந்துகொண்டிருந்தது. விடியப்புறம் சாமான் ஏற்றுவதற்காகப் பின் தட்டில் லைட் பூட்டினாராம், வயர் இழுக்க அவரே துளைத்த ஓட்டை. ஓட்டையை அடைக்க ஒரு இறப்பர் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சரி, அதுவழியாகப் புகை உள்ளே வருகிறது. புகை குழாயை விட்டு எங்கே வெளியே வருகிறது? முகம் வழிக்கும் கண்ணாடியைக் குழாய்க்கு மேலே பிடித்துப் பார்த்தேன். குழாயின் முதுகுப் பக்கம், கீழே படுத்தவன் கண்ணுக்கு ஒருநாளும் படாத இடத்தில், உப்புத் தின்ற சின்னச் சின்ன ஓட்டைகள். வெள்ளிப் பூச்சுப் பூசியவர் கீழ்ப் பக்கம் மட்டும் பூசியிருந்தார்.

மகன் உம்மாவைப் பார்த்தார்.  அந்த நேரம் பார்த்துப் படலை திறந்தது.

சாம்பிராணியை நான் கொஞ்சம் தாராளமாகத்தான் போட்டிருந்தேன். கடற்காற்று அதை நாலு வளவுக்கும் கொண்டுபோய்விட்டது. மாமரத்தடியில் வெளியூர் கெப் நிற்கிறது, வளவெல்லாம் சாம்பிராணி மணக்கிறது, அப்படியென்றால் மௌலூதுதான். முதலில் மனைவியின் ராத்தா வந்தார், பிறகு தங்கச்சி, பிறகு சாச்சி. பிறகு தெருவில் இருந்த பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மௌலூது முடிந்ததும் பகிரும் நார்சாத் தின்பண்டத்தை வாங்கிப் போகப் பிள்ளைகள் கோப்பையோடு வந்துவிட்டார்கள். ஒரு சொல்லும் சொல்லாமல் மௌலூது வைத்துவிட்டீர்களே என்று ராத்தாவுக்குக் கோபம். என் மனைவி என்னையும் சட்டியையும் சைலன்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை பேருக்கும் முன்னால் இது சைலன்சருக்குப் போட்ட சாம்பிராணி என்று எப்படிச் சொல்வாள்?

ஆனால் என் மனைவி லேசுப்பட்டவள் இல்லை. இந்த ராத்தா ஹஜ்ஜுக்குப் போகப் போறா, நம்ம வீட்டுக்கு வந்திருக்கா, எல்லாரும் வந்து ஸலாம் சொல்லுங்க என்றாள். சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். வீட்டிலிருந்த வாழைக்குலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தாள், கோப்பைகள் வெறுமையாகப் போகவில்லை.

அவ்வளவுதான். பெண்கள் அந்த உம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு மகளின் பிள்ளைப் பாக்கியத்துக்காக மக்காவில் துஆக் கேட்கச் சொன்னாள். இன்னொருத்தி கட்டாருக்குப் போன மகன் சுகமாகத் திரும்ப வேண்டும் என்றாள். சாச்சிக்கு முழங்கால் வலி. ஒவ்வொருத்தரும் கேட்டுக்கொண்டே போனார்கள், உம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். காலையில் வேலியோரம் வாந்தி எடுத்த அதே ஆள்தான், இப்போது முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. என் மனைவியும் அவர் காதுக்குள் ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்டேன். உங்களுக்குத் தேவையில்லாத கதை என்றாள்.

பெண்கள் கலைந்ததும் உம்மா மகனைக் கூப்பிட்டார்.

“மனே, இத்தின பேர்ர துஆவத் தலையில ஏத்திக்கிட்டு நான் போகாம இரிக்க ஏலா. இப்பவே போன் எடுத்துச் சொல்லு, உம்மா வாறா என்டு.”

மகன் சந்தோஷத்தோடு போனை எடுத்தார். நான்தான் குறுக்கே புகுந்தேன். எல்லோரும் என்னைக் கல்நெஞ்சுக்காரன் மாதிரிப் பார்த்தார்கள். ஆனாலும் கேளுங்கள் தம்பிமாரே, அந்தக் கணம்தான் அந்த வேலையின் கஷ்டமான கணம். ஓட்டையைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அந்த ஓட்டைதான் உம்மாவை வருத்தியது என்று இன்னும் தெரியாது. அவசரம் மட்டும் நம்மைப் பிழை விட வைக்கும் என்று நினைக்காதீர்கள், சந்தோஷமும் பிழை விட வைக்கும். நாளைக் காலை வரை பொறுங்கள், வேலையை முடித்து ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். ஓட்டையை ஒரு இறப்பரால் அடைத்தால் இன்றைக்கே முடியாதா என்று மகன் கேட்டார். முடியும்தான். ஆனால் ஜன்னலைச் சாத்திவிட்டுக் குசினியில் நெருப்பை எரியவிடுவதா? குழாயும் மாற வேண்டும், ஓட்டையும் அடைபட வேண்டும் என்றேன். கெப்பை என்னிடம் விட்டுவிட்டு இருவரும் ஓட்டோவில் மருதமுனைக்குப் போனார்கள். போகும்போது உம்மாவுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று மகன் பிறகு போனில் சொன்னார். 

காலையில் குழாய்த் துண்டை வெட்டிப் புதிது வைத்து, சீட்டுக்குக் கீழ் ஓட்டைக்கும் இறப்பர் போட்டு முடித்தேன். மகன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் ஓட்டத்துக்கு நான் போனேன். உம்மாவின் இடத்தில், பின் சீட்டில் இடது பக்கம், கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு இருந்தேன். காரைதீவுக்குள்ளால் போய், மாவடிப்பள்ளி வயல் நடுவே நிறுத்தித் திரும்பி வந்தோம். வியர்வையில் குளித்துவிட்டேன், புகை மணம் மட்டும் இல்லை. நம் வேலை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் இருக்க வேண்டியது நாம்தான், வேறு யாரும் இல்லை.

இரண்டாவது ஓட்டத்துக்கு உம்மா ஏறினார். துணைக்கு என் மனைவியும் ஏறிக்கொண்டாள். நான் படலையில் நின்றேன். டிப்போவில் பிரேக் செய்து அனுப்பிய பஸ்களுக்குக்கூட நான் அப்படிக் காத்து நின்றதில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மாவடிப்பள்ளி போய்வர இவ்வளவு நேரம் ஆகாதே என்று மனம் கண்டபடி நினைத்தது. கடைசியில் கெப் வந்தது. காற்று வாங்க அம்பாறை வரை போய் வந்தார்களாம், என்னிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

உம்மா கதவைப் பிடிக்காமல் இறங்கினார். நேராக நடந்து வந்து மாமரத்தடிக் கதிரையில் இருந்தார்.

“பசிக்குது,” என்றார். “திங்க என்ன இரிக்கி?”

மகன் அப்படியே ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். பிறகு போன் எடுத்து, உம்மா வருகிறார் என்று சொன்னார். என் மனைவி பிட்டும் மீன் ஆணமும் கொண்டு வந்தாள், அந்த உம்மா சாப்பிட்டதைப் பார்க்கவே எங்களுக்கு வயிறு நிறைந்தது.

ஹஜ்ஜுக்குப் போய் நல்லபடியாகத் திரும்பி வந்தார். வந்த கொஞ்ச நாளில் அதே கெப்பில், அதே இடத்தில் இருந்து, பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே என் மனைவிக்கு ஒரு புதுச் சாம்பிராணிச் சட்டி. இப்போது அவர் ஹஜ்ஜும்மா. துஆக் கேட்கச் சொன்ன பெண்களெல்லாம் திரும்ப வந்து சூழ்ந்துகொண்டார்கள், இந்த முறை சாம்பிராணி இல்லாமலே.

போகும்போது படலையில் நின்று என்னிடம் சொன்னார்.

“உங்கட பொஞ்சாதி கேட்டதையும் கேட்டன் தம்பி. இவர் இனி வண்டிக்குக் கீழ படுக்கிறத விட்டிரணும் என்டு கேக்கச் சொன்னா. மறுகா உங்களுக்கும் நல்ல சுகத்தக் கேட்டன். உங்கட பேர் எனக்குத் தெரியாதே. கஃபாவுக்கு முன்னால நிண்டு, சைலன்சர் பாசுக்கு என்டுதான் கேட்டன். அவனுக்குத் தெரியுந்தானே ஆரென்டு.”

 தொழிலில் எனக்குக் கிடைத்ததில் அதைவிடப் பெரிது எதுவும் இல்லை.

என் மனைவி கேட்டதும் கிடைத்துவிட்டது. அடுத்த மழைக்காலத்தோடு முழங்கால் மடிய மறுத்தது, நான் கராஜை விட்டேன். மற்றபடி உடம்பில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் நான் கதிரையில் சுகமாக இருந்துகொண்டு, கீழே கிடக்கிற உங்களுக்குக் கதை சொல்கிறேன். படலையில் இருக்கிற பலகையை மட்டும் மனைவி கழற்றச் சொல்கிறாள். வேலை இல்லாத வீட்டில் அது எதற்கு என்கிறாள். நான் விடவில்லை. என் சுகம் அந்தப் பெயருக்குத்தான் கேட்கப்பட்டிருக்கிறது. பலகையைக் கழற்றிவிட்டால் அந்தச் சுகம் எந்த வீட்டுக்குப் போகும்?